ரெட்வுட் காட்டுல டென்ட் போடுறதுக்கு முன்னாடி: ஒரு பயணத் திட்டமும் நூறு வருஷச் சண்டையும்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முழுக்க மாற்றாமல், படிக்க வசதியாகச் சற்றே திருத்தியிருக்கிறோம்.)

கோடை விடுமுறை நெருங்கினாலே பே ஏரியாவுல இருக்கிற நம்ம ஆட்கள்கிட்ட ஒரு பேச்சு ஆரம்பிச்சுடும். "ரெட்வுட் காட்டுக்கு கேம்பிங் போகலாமா? எந்த பார்க்? எங்க டென்ட் போடலாம்? குழந்தைகளைக் கூட்டிட்டு எந்த டிரெயில்ல நடக்கலாம்?" இணையத்துல தேடினா பட்டியல் கிடைச்சிடும். ஆனா அந்தப் பட்டியலைக் கொஞ்சம் கவனிச்சுப் படிச்சா சில விஷயங்கள் விசித்திரமா இருக்கும்.

சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்துல இருக்கிற மியூர் வுட்ஸ்ல ஒரு ராத்திரிகூடத் தங்க முடியாது. ஆனா வடக்கே ஆறு மணி நேரம் தள்ளி, ரெட்வுட் கிரீக்னு ஒரு ஆறு இருக்கு. அந்த ஆத்துப் படுகையில சரளைக்கல் மேல டென்ட் போடலாம்னு அரசாங்கமே அனுமதி தருது. உலகத்துலயே உயரமான மரம் ஒரு பார்க்ல இருக்கு. அந்த பார்க்குக்குப் போகலாம், மரத்துக்கிட்ட மட்டும் போகக் கூடாது. மரங்களைக் காப்பாத்த உருவாக்கின தேசியப் பூங்காவுக்குள்ளயே ஆட்கள் மரம் வெட்டிட்டு இருப்பாங்க.

ஏன் இப்படி? பதில் எல்லாம் வரலாற்றுலதான் இருக்கு. அதனால இன்னைக்கு தெற்குல இருந்து வடக்கு நோக்கி ஒரு பயணத் திட்டம் போடுவோம். நிக்கிற ஒவ்வொரு இடத்துலயும் அங்க நடந்த சண்டையைப் பேசுவோம்.

முதல்ல மரத்தைப் பத்தி

நாம பேசுறது கடலோர ரெட்வுட். ஒரேகான் மாநிலத்தின் தென்கோடியிலிருந்து கலிபோர்னியாவின் பிக் சர் வரைக்கும், பசிபிக் கடலை ஒட்டி சுமார் 450 மைல் நீளத்துக்கு ஒரு ஒல்லியான பட்டையில் மட்டும் இயற்கையாக வளரும் மரம். காரணம் பனிமூட்டம். கோடையில் அங்கே மழை கிடையாது. கடலிலிருந்து வரும் மூடுபனியை இலைகள் பிடித்து, சொட்டுச் சொட்டாகத் தரைக்கு இறக்கும். அந்தத் தண்ணீரில்தான் காடு கோடையைத் தாண்டுகிறது. அதனால ஜூலை மாசமா இருந்தாலும் ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க. ராத்திரி குளிரும்.

2,000 வருஷத்துக்கு மேல வாழ்ந்த மரங்கள் உண்டு. பட்டை ஒரு அடி தடிமன் வரைக்கும் இருக்கும். அதில் உள்ள டேனின் பூச்சியையும் பூஞ்சையையும் அண்ட விடாது. நெருப்பையும் ஓரளவு தாங்கும். ஆனா இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல ஆழமாப் போறதில்லை. பக்கவாட்டில் நூறு அடி வரை பரவி, பக்கத்து மரத்தின் வேரோடு பின்னிக்கொண்டு நிற்கும். இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க. கதையோட முக்கியமான திருப்பம் இந்த வேர்லதான் இருக்கு.

கோடாரி வருவதற்கு முன்னும் பின்னும்

வடக்குக் கலிபோர்னியாவின் கிளாமத் ஆற்றங்கரையில் யுரோக் மக்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள். அவர்கள் வீடு ரெட்வுட் பலகையில் கட்டியது. ஆற்றில் போகும் படகு ஒரே ரெட்வுட் கட்டையைக் குடைந்து செய்தது. அவங்களுக்கு இந்த மரம் வெறும் மரக்கட்டை இல்லை, உயிருள்ள ஜீவன். வீட்டையும் படகையும்கூட உயிருள்ளதாகத்தான் நினைக்கிறாங்க. ஆக, இது யாரும் தொடாத காடு இல்லை. பயன்படுத்தவும் செஞ்சாங்க, காடும் இருந்தது.

1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. 1850 வாக்கில் தங்கம் தேடி வந்தவர்கள் வடக்குக் கடற்கரைக்கும் வந்துவிட்டார்கள். அதே 1850-ல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. பேர் என்னவோ பூர்வகுடி மக்களின் 'பாதுகாப்பு'க்கான சட்டம். நடைமுறையில் அவங்க குழந்தைகளைக் கொத்தடிமையா எடுத்துக்கொள்ள வழி செய்த சட்டம். கொலைகளும் நோயும் சேர்ந்து பல கிராமங்கள் அழிந்தன.

தங்கம் சீக்கிரம் தீர்ந்தது. மரம் தீரவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரம் பெரும்பாலும் ரெட்வுட்டில் எழுந்தது. 1906 பூகம்பத்துக்கும் தீ விபத்துக்கும் பிறகு நகரத்தைத் திரும்பக் கட்டவும் இதே மரம்தான்.

நிலம் எப்படிக் கம்பெனிகள் கைக்குப் போச்சுன்னு கேட்டா, அது நமக்கு ரொம்பப் பழக்கமான கதை. 1878-ல் ஒரு மத்திய சட்டம் வந்தது. ஒரு ஆளுக்கு 160 ஏக்கர் காட்டு நிலம், ஏக்கர் இரண்டரை டாலர். குடியானவன் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்க வேண்டியது. கம்பெனிகள் என்ன செய்தன? துறைமுகத்தில் சும்மா நிற்கும் மாலுமிகளைக் கூட்டிட்டு வந்து, அவங்க பேர்ல மனு போட வச்சு, கையில கொஞ்சம் காசு கொடுத்து, நிலத்தைத் தங்கள் பேருக்கு மாத்திக்கிட்டாங்க. சுத்தமான பினாமி.

ஆரம்பத்தில் ஒரு மரத்தைச் சாய்க்கவே பல நாள் ஆகும். எருதுகளைப் பூட்டி இழுத்தார்கள். 1881-ல் யுரேகா நகரத்தில் ஜான் டோல்பீர் என்பவர் நீராவியால் இயங்கும் இழுவை எந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுக்கப்புறம் எருதும் போக முடியாத சரிவெல்லாம் திறந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செயின்சாவும் புல்டோசரும் வந்தன. வெட்டு தொடங்கும்போது சுமார் 20 லட்சம் ஏக்கர் பழங்காடு இருந்தது. இன்னைக்கு மிச்சம் ஏறக்குறைய 5 சதவீதம். நீங்க டென்ட் போடப் போறது அந்த அஞ்சு சதவீதத்துக்குப் பக்கத்துல.

முதல் நிறுத்தம்: மியூர் வுட்ஸ்

கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி அரை மணி நேரத்துக்குள்ள வந்துடலாம். ஊருக்கு இவ்வளவு பக்கத்துல இந்த மரங்கள் எப்படித் தப்பிச்சது? செங்குத்தான பள்ளத்தாக்கு, மரத்தை வெளியே கொண்டு வரச் சிரமம். அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் ஒரு தம்பதி. 1905-ல் வில்லியம் கென்ட், எலிசபெத் தாச்சர் கென்ட் இருவரும் 45,000 டாலருக்கு 600 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். இரண்டே வருஷத்தில் ஒரு குடிநீர்க் கம்பெனி அந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்டணும்னு, நிலத்தை நீதிமன்றம் மூலமாகக் கையகப்படுத்தப் பார்த்தது. கென்ட் ஒரு வேலை செய்தார். 295 ஏக்கரை அப்படியே மத்திய அரசுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். 1908 ஜனவரி 9-ம் தேதி, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். அரசாங்க நிலத்தைக் கையகப்படுத்த கம்பெனியால முடியுமா? வழக்கு அங்கேயே படுத்துடுச்சு. தன் பேரை வைக்க வேண்டாம், இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர் பேரை வையுங்கள் என்று சொன்னவரும் கென்ட்தான்.

அதே கென்ட் பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். ஆசியர்கள் அமெரிக்காவில் குடியேறுவதைக் கடுமையாக எதிர்த்த அரசியல்வாதியும் அவரேதான். இதையும் சேர்த்துத்தான் சொல்லணும். இந்தக் கதையில இப்படி ஆட்கள் இன்னும் வருவாங்க.

திட்டத்துக்கு வருவோம். இது சின்ன இடம், கூட்டம் அதிகம். அதனால கேம்பிங் கிடையாது. 2018-லிருந்து கார் நிறுத்தவே முன்பதிவு வேணும். காலையில போய் இரண்டு மணி நேரம் நடந்துட்டு வடக்கே கிளம்புங்க.

இரண்டாவது நிறுத்தம்: ஹம்போல்ட்

101 நெடுஞ்சாலையில் மேலே நாலு மணி நேரம் போனா ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் ஸ்டேட் பார்க். 'அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ்' என்கிற பழைய ரோடு முப்பது மைலுக்கு மேல மரங்களுக்கு நடுவுல போகும். போற வழியெல்லாம் பலகைகள் பார்ப்பீங்க. இன்னார் நினைவுத் தோப்பு, இன்னார் நினைவுத் தோப்புன்னு. கோயில் தூண்ல உபயம்னு எழுதின மாதிரி.

அது உண்மையிலேயே உபயம்தான். 1917-ல் மூன்று பெரிய மனிதர்கள் இந்த வழியாகக் காரில் வந்தார்கள். ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன், ஜான் மெரியம், மேடிசன் கிரான்ட். ஆயிரம் வருஷத்து மரங்களைத் திராட்சைக் கொடிக்கு முட்டுக்கொம்பாகவும், ரயில் தண்டவாளத்துக்குக் கட்டையாகவும் வெட்டிக் குவிச்சிருந்தாங்க. அடுத்த வருஷம், 1918-ல், 'சேவ் த ரெட்வுட்ஸ் லீக்' தொடங்கியது. வழி எளிமையானது. பணக்காரர்களிடம் பணம் வாங்கு, மாநில அரசையும் அதே அளவு போட வை, தோப்பை விலைக்கு வாங்கு, கொடுத்தவர் பேரைப் பலகையில் போடு. முதல் நினைவுத் தோப்பு, முதல் உலகப் போரில் இறந்த கர்னல் போலிங் பேரில் 1921-ல் அமைந்தது. ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியர் கொடுத்த பணத்தின் உதவியோடு 1931-ல் புல் கிரீக் ஓரம் வாங்கிய காடுதான் இன்னைக்கு ராக்ஃபெல்லர் ஃபாரஸ்ட். தொடர்ச்சியா மிச்சமிருக்கிற பழைய ரெட்வுட் காட்டுல அதுதான் பெரியது.

இதுல பெண்களோட பங்கு வெளியே அவ்வளவா தெரியலை. 1919-லேயே ஹம்போல்ட் மாவட்டப் பெண்கள் தனியாகச் சங்கம் அமைத்தார்கள். அதில் முன்னால் நின்றவர் லாரா பெரட் மேஹன். 1924-ல் டயர்வில் என்ற இடத்தில், பேச்சுவார்த்தை நடக்கும்போதே கம்பெனி மரம் வெட்ட ஆரம்பித்ததை லாராவும் அவர் கணவர் ஜேம்ஸும் கண்டுபிடித்தார்கள். நேரில் போய் நின்றார்கள், விஷயத்தை ஊரறியச் செய்தார்கள், வெட்டு நின்றது. அவங்க ரெண்டு பேருக்கும் அங்கே நினைவுக் கல்வெட்டு இருக்கு. பெண்கள் சங்கங்கள் பணம் திரட்டி வாங்கின தோப்பும் பக்கத்துலயே இருக்கு. அங்கே கட்டடக் கலைஞர் ஜூலியா மார்கன் வடிவமைச்ச நாலு பக்கமும் அடுப்பு வச்ச கல் கட்டடம் ஒன்னு உண்டு. சாப்பாட்டுக் கூடையோட உட்கார நல்ல இடம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. லீகைத் தொடங்கின மூணு பேர்ல ஒருத்தரான மேடிசன் கிரான்ட், வெள்ளை இனத்தின் 'தூய்மை' பற்றி 1916-ல் புத்தகம் எழுதிய இனவாதி. அந்தக் காலத்து இனவாதிகளுக்கு அது வேத புத்தகம் மாதிரி. அவர் பேரில் பிரெய்ரி கிரீக் பார்க்கில் இருந்த நினைவுக் கல்லை 2021-ல் கலிபோர்னியா அரசு அகற்றியது. மரத்தைக் காப்பாத்தினவர் மனுஷனைத் தரம் பிரிச்சார். மரம் நிக்குது, அதுல சந்தேகமில்லை. அதுக்காக அந்தக் கல்லும் நிக்கணும்னு இல்லை.

வெள்ளம் சொன்ன பாடம்

1955 டிசம்பர். ராக்ஃபெல்லர் ஃபாரஸ்ட் பாதுகாக்கப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுக்குள்ள ஒரு கோடாரி சத்தம் இல்லை. ஆனால் புல் கிரீக் உற்பத்தியாகும் மேல்மலை தனியார் நிலம். போருக்குப் பிந்தைய வீடு கட்டும் வேகத்தில் அந்தச் சரிவுகளை மொட்டையடித்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் பெருமழை. பிடித்து நிறுத்த மரமில்லாத மலையிலிருந்து மண்ணும் கல்லும் கட்டையும் சேர்ந்து இறங்கின. ஓடை மேடாகிப் பக்கவாட்டில் கரையை அரித்தது.

நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன வேர் இங்கதான் வருது. ஆழமில்லாத வேர். கரை கரைந்ததும் நூற்றுக்கணக்கான பெரிய மரங்கள் சாய்ந்தன. யாரும் வெட்டலை, சட்டப்படி முழுப் பாதுகாப்புல இருந்த மரங்கள்.

அதுவரைக்கும் எல்லாரும் நல்ல தோப்பாப் பார்த்துப் பார்த்து வாங்கிட்டு இருந்தாங்க. புகைப்படத்துக்கு அழகா இருக்கிற, ஆத்தோரத்துச் சமவெளித் தோப்பு. அன்னைக்குத்தான் புரிஞ்சது: தோப்பை வாங்கினா மட்டும் போதாது, அதுக்கு மேல இருக்கிற மலையையும் வாங்கணும். ஏரியைக் காப்பாத்தணும்னா வரத்து வாய்க்காலைக் காப்பாத்தணும்னு நம்ம ஊர் விவசாயி சொல்ற அதே கணக்கு. அதுக்கப்புறம்தான் புல் கிரீக்கின் மேல்மலை நிலங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்க்கோடு சேர்த்தார்கள்.

ஆனா படிச்ச பாடத்தை அடுத்த இடத்துல மறந்துட்டாங்க.

மூன்றாவது நிறுத்தம்: ரெட்வுட் கிரீக், 'புழு'

இன்னும் வடக்கே, யுரேகாவைத் தாண்டி, ஓரிக் என்ற சின்ன ஊர். 1963-ல் நேஷனல் ஜியோகிரஃபிக் இதழைச் சேர்ந்த பால் சால் இங்கே ரெட்வுட் கிரீக் ஓரத்தில் ஒரு மரத்தை அளந்தார். 367.8 அடி. அன்றைக்குத் தெரிந்த மரங்களில் உலகிலேயே உயரமானது. நின்றது ஒரு மரக் கம்பெனியின் நிலத்தில். அடுத்த வருஷம் இதழில் செய்தி வந்ததும், தேசியப் பூங்கா வேண்டும் என்ற கோரிக்கை வேகம் பிடித்தது.

இங்க காப்பாத்த நினைச்சவங்களுக்குள்ளயே சண்டை. சியரா கிளப் ரெட்வுட் கிரீக்கில் 90,000 ஏக்கர் கேட்டது. சேவ் த ரெட்வுட்ஸ் லீக் வேறொரு ஓடையான மில் கிரீக்கின் வடிநிலம் முழுசா வேணும்னு சொன்னது. மரக் கம்பெனிகள் எதுவும் வேண்டாம் என்றன. 1968 அக்டோபர் 2-ம் தேதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தது: 58,000 ஏக்கர். அதில் ஏறக்குறையப் பாதி, ஏற்கெனவே இருந்த மூன்று மாநிலப் பூங்காக்கள்.

அந்த உயரமான மரத்தை எப்படிச் சேர்த்தாங்க தெரியுமா? ஆற்றின் இரண்டு பக்கமும் கால் மைல் கால் மைல் என்று, சுமார் அரை மைல் அகலத்துக்கு எட்டு மைல் நீளமான ஒரு பட்டை. வரைபடத்தில் பார்த்தால் நெளிந்து போகும். அதனால் அதற்கு 'புழு' என்று பேர் வந்தது. பட்டைக்கு வெளியே, இரண்டு பக்கமும் மேலே மலை. அது கம்பெனி நிலம். புல் கிரீக்கில் நடந்த அதே அமைப்பு, அதைவிட மோசமான வடிவத்தில்.

கம்பெனிகள் அவசரமாக வெட்டின. பார்க் எந்த நேரத்திலும் பெரிதாகலாம் என்று அவர்களுக்கும் தெரியும். மலை மொட்டையாக ஆக, மழைக்கு மழை மண் இறங்கியது. ஆற்றுப் படுகை சரளையால் நிரம்பி உயர்ந்தது. டால் ட்ரீஸ் குரோவ் என்ற அந்தத் தோப்பின் காலடியை ஆறு அரிக்கத் தொடங்கியது. சியரா கிளப் வழக்குப் போட்டது. பார்க்கைக் காக்கும் கடமையை உள்துறை அமைச்சகம் செய்யவில்லை என்று 1975-ல் நீதிமன்றம் சொன்னது.

ஒன்பது டன் வேர்க்கடலை

இங்க மறுபக்கத்தையும் கேக்கணும். ஓரிக், ஆர்கேட்டா, யுரேகா ஊர்கள்ல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மர மில்லை நம்பி இருந்தன. அப்பா மில்லுல, மகன் மில்லுல, மருமகன் லாரில. அவங்க யாரும் முதலாளி இல்லை. நிலம் பார்க்குக்குப் போனா முதலாளிக்கு நஷ்டஈடு வரும். தொழிலாளிக்கு?

1977-ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஃபிலிப் பர்ட்டன் பார்க்கை விரிவாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்த்து, மரம் ஏற்றும் லாரிகள் ஊர்வலமாக வாஷிங்டன் வரை நாடு முழுக்கக் கடந்து போயின. ஒரு லாரியில் ஒன்பது டன் எடையுள்ள ஒரு வேர்க்கடலை. ரெட்வுட் கட்டையில் செதுக்கியது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் வேர்க்கடலை விவசாயி. ஆங்கிலத்தில் அற்பமான தொகைக்கு வேர்க்கடலைன்னு சொல்வாங்க, நாம சுண்டைக்காய்னு சொல்ற மாதிரி. உங்களுக்கு இது சுண்டைக்காய், எங்களுக்கு இது வேலை என்பதுதான் அவங்க கொண்டு போன செய்தி. வெள்ளை மாளிகை அந்தக் கடலையை வாங்க மறுத்துவிட்டது. அது அப்படியே லாரியில் திரும்பி வந்து, ஓரிக்கில் ரோட்டோரம் ரொம்ப வருஷம் கிடந்தது.

1978 மார்ச் 27-ம் தேதி கார்ட்டர் கையெழுத்திட்டார். கூடுதலாக 48,000 ஏக்கர். வேலை இழந்தவர்களுக்கு உதவித் தொகையும் சட்டத்திலேயே இருந்தது. ஆனா ஓரிக் பழைய ஓரிக்கா திரும்பவே இல்லை. 101-ல போகும்போது அந்த ஊர்ல அஞ்சு நிமிஷம் நில்லுங்க. நீங்க ரசிக்கப் போற காட்டுக்கு விலை கொடுத்தவங்கள்ல அந்த ஊரும் ஒன்னு.

மொட்டை மலையை வாங்கிய அரசாங்கம்

இப்ப ஒரு கணக்கு. 1978-ல் வாங்கிய 48,000 ஏக்கரில் சுமார் 39,000 ஏக்கர் ஏற்கெனவே வெட்டி முடித்த நிலம். அடிக்கட்டைகளும் லாரி ரோடுகளும்தான் மிச்சம். இவ்வளவு பணம் கொடுத்து அரசாங்கம் மொட்டை மலையை வாங்குமா? வாங்கியது. புல் கிரீக்கில் சாய்ந்த மரங்கள் சொன்ன பாடம் அப்பதான் சட்டமாச்சு. மலையைச் சரிசெய்ய 3.3 கோடி டாலர் வரைக்கும் அந்தச் சட்டமே ஒதுக்க அனுமதித்தது.

எப்படிச் சரிசெய்யறது? முதல் எதிரி அடிக்கட்டை இல்லை, ரோடு. நூற்றுக்கணக்கான மைலுக்கு மண் ரோடுகள் மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயின. ஓடைகளை மண்ணைப் போட்டு மூடி அதன் மேல் லாரி ஓட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் அங்கேதான் சரிவு. ரோடு போட்ட அதே புல்டோசர்களை வைத்து ரோட்டை அழித்தார்கள். ஓடையைத் தோண்டித் திறந்து, சரிவைப் பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்தார்கள். முன்பு ரோடு போட்ட ஆட்கள் சிலரே இந்த வேலைக்கும் வந்தார்கள். எங்கே மண் கொட்டினோம்னு அவங்களுக்குத்தானே தெரியும்!

அடுத்தது மரம் வெட்டும் விஷயம். வெட்டின நிலத்தில் கம்பெனிகள் விமானத்திலிருந்து விதை தூவியிருந்தன. பெரும்பாலும் டக்ளஸ் ஃபர். அது நெருக்கி முளைத்து, வெளிச்சமே இறங்காத புதராகிவிட்டது. அதில் ரெட்வுட் குன்றிப்போய் நிற்கும். அதனால்தான் இப்போது பார்க் நிர்வாகமும் மாநில அரசும் லீகும் சேர்ந்து, நெருக்கமான இளங்காட்டில் மரங்களைக் களைந்து விடுகிறார்கள். நாத்தங்கால்ல களை எடுக்கிற மாதிரி. பார்க்குக்குள்ள செயின்சா சத்தம் கேட்டா பதறாதீங்க.

பார்க்கக் கூடாத மரம்

2006-ல் கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் என்ற இரண்டு பேர் பார்க்கின் ஒரு ஒதுக்குப்புறமான சரிவில் ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார்கள். ஹைபீரியன் என்று பேர் வைத்தார்கள். சுமார் 380 அடி. ஏறக்குறைய 35 மாடி உயரம். உலகத்திலேயே உயரமான மரம். அது நின்ற இடம், 1978-ல் சேர்த்த பகுதி. அந்த விரிவாக்கம் நடந்திருக்காவிட்டால், அதன் உயரத்தை யாரும் அளப்பதற்கு முன்பே அது பலகையாகியிருக்கலாம்.

இடத்தைச் சொல்ல வேண்டாம் என்று பார்க் முடிவெடுத்தது. ஆனா இணையத்துல ரகசியம் நிக்குமா? பாதையே இல்லாத இடத்தில் ஆட்கள் புதரை மிதித்துப் பாதை போட்டார்கள். மண் இறுகியது, அடியில் இருந்த ஃபெர்ன் செடிகள் செத்தன. 2022-ல் அந்தப் பகுதியையே மூடினார்கள். மீறினால் 5,000 டாலர் அபராதமும் ஆறு மாதச் சிறையும் வரை போகலாம். கீழே நின்னு அண்ணாந்து பார்த்தா உச்சியே தெரியாதுங்கறது வேற விஷயம். ஜெடடையா ஸ்மித் பார்க்கில் இதே நிலைமைக்கு ஆளான 'குரோவ் ஆஃப் டைட்டன்ஸ்' தோப்புக்கு வேறு வழி செய்தார்கள்: தரையைத் தொடாத உயர்த்திய நடைபாதை. அது 2022-ல் திறந்தது. பிரமாண்டமான மரம் பார்க்க ஆசைப்படுறவங்க அங்க போங்க. சட்டமும் உங்க பக்கம், வேரும் பிழைக்கும்.

மில் இருந்த இடம் யாருக்கு?

கதை முடியலை. ஓரிக் பக்கத்தில், பூங்காவின் தெற்கு வாசலில் ஒரு 125 ஏக்கர். முன்பு மர மில் இருந்த இடம். தார் போட்ட மைதானம். யுரோக் மொழியில் அதன் பேர் ஓ ரூ. 2013-ல் லீக் அதை வாங்கியது. புதைந்துபோன பிரெய்ரி கிரீக் ஓடையை யுரோக் மக்களே முன்னின்று தோண்டி மீட்டார்கள்; சாமன் மீன் திரும்ப வருகிறது. 2024 மார்ச்சில் யுரோக் பழங்குடி, தேசியப் பூங்காத் துறை, மாநிலப் பூங்காத் துறை, லீக் நாலு பேரும் ஒப்பந்தம் செய்தார்கள்: 2026-ல் நிலத்தை யுரோக் மக்களிடமே திருப்பிக் கொடுப்பது, பூங்காவோடு சேர்ந்து நடத்துவது. 1850-ல் எடுத்ததில் இது ஒரு துளிதான். ஆனாலும், காப்பாத்தறதுன்னா வேலி போடறது, பழைய ஆளை வெளியே அனுப்பறதுன்னு நூறு வருஷமா இருந்த நினைப்பு இங்க மாறுது.

சரி, திட்டம்

இப்ப உங்க திட்டத்தை எடுத்துக்குங்க. வடக்கே இருக்கிற ரெட்வுட் தேசிய, மாநிலப் பூங்காக்கள் 1994-லிருந்து சேர்ந்தே நிர்வகிக்கப்படுகின்றன. காரோடு போய் டென்ட் போட நாலு முகாம்கள்: ஜெடடையா ஸ்மித், மில் கிரீக், எல்க் பிரெய்ரி, கோல்ட் பிளஃப்ஸ் பீச். ஆறு மாசத்துக்கு முன்னாடியே முன்பதிவு திறக்கும். கோடைக்கு அப்பவே போட்டுடுங்க. குழந்தைகளோட போறவங்களுக்கு எல்க் பிரெய்ரி நல்லது. புல்வெளியில் எல்க் மான் கூட்டம் மேயும். செல்ஃபிக்காகக் கிட்டப் போகாதீங்க.

சாப்பாடு எல்லாம் கரடிப் பெட்டிக்குள்ள. ஒரு துண்டு முறுக்குகூடக் கீழே சிந்தக் கூடாது. காரணம் கரடி மட்டும் இல்லை. மார்பிள்ட் மர்லெட் என்கிற கடல் பறவை இந்தப் பழைய மரங்களின் உச்சிக் கிளையில் முட்டையிடும். 1974 வரைக்கும் அது எங்கே கூடு கட்டுதுன்னே தெரியாது. சிந்தின சாப்பாட்டுக்கு ஜே பறவையும் அண்டங்காக்கையும் வரும். வந்ததுங்க இந்தப் பறவையோட முட்டையையும் தின்னுடும்.

டால் ட்ரீஸ் குரோவ் போக, முன்கூட்டியே இணையத்தில் இலவச அனுமதி வாங்கணும். போக வர நாலு மைலுக்கு மேல. இறங்கும்போது சுலபம், ஏறும்போது மூச்சு வாங்கும். முதுகுப்பையோட ஒரு ராத்திரி தங்கணும்னா, அனுமதி வாங்கிட்டு ரெட்வுட் கிரீக் சரளைப் படுகையில டென்ட் போடலாம். தோப்புக்குக் கால் மைலுக்குள்ள மட்டும் கூடாது. கோடையில மட்டும், தற்காலிக நடைபாலம் அப்பதான் இருக்கும்.

ஏன் சரளை மேல அனுமதின்னு ஆரம்பத்துல கேட்டோம். வேர் இல்லாத, செடி இல்லாத இடம். மிதிச்சா எதுவும் சாகாது. மழைக்கால வெள்ளம் உங்க தடத்தையும் அழிச்சிடும். அந்தச் சரளையில ஒரு பகுதி எங்கிருந்து வந்ததுன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். மேலே வெட்டின மலையிலிருந்து வந்தது. ஆறு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கடலுக்குத் தள்ளிட்டு இருக்கு. அந்த வேலை இன்னும் முடியலை.

போயிட்டு வந்தவங்க உங்க அனுபவத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல கிளாமத் ஆற்றில் அணைகளை இடிச்ச கதையைப் பேசுவோம்.